எந்தத் தீவு, எந்த வாரம்?

ஏப்ரல் வந்துவிட்டால் கிளாஸ்கோவில் உள்ள எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். “பிள்ளைகளுக்கு லீவு வரப்போகுது, எந்தத் தீவுக்குப் போகலாம்?” கேட்டவருக்கு அரை மணி நேரத்தில் இருபது படங்கள் வந்து விழும். ஒரு மலை, ஒரு கடற்கரை, நடுவில் ஒரு செம்மறியாடு. படத்தை மட்டும் பார்த்தால் ஸ்காட்லாந்துத் தீவுகள் எல்லாம் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். கடைசியில் யாராவது ஒருவர் “ஸ்கை போயிடலாம்” என்பார். ஜூன் மாதம் அறை தேட ஆரம்பிப்பார்கள். கிடைக்காது.

நான் இப்போதெல்லாம் வேறு வரிசையில் முடிவு செய்கிறேன். முதலில் காலண்டர், அப்புறம்தான் வரைபடம். அந்தத் தீவு மக்கள் எல்லோரும் ஒரே மைதானத்தில் கூடுகிற நாள் எது என்று பார்த்து, அந்த நாளைச் சுற்றி மூன்று நான்கு நாள் பயணத்தை வைத்துக்கொள்வது. மலையும் கடலும் எந்த வாரம் போனாலும் அங்கேயேதான் இருக்கும். ஊர் கூடுகிற நாள் வருஷத்துக்கு ஒன்றுதான்.

கிளாஸ்கோ பக்கம் இருக்கும் குடும்பங்கள் மாறி மாறிக் கேட்கிற மூன்று தீவுகளை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். மல் தீவின் டோபர்மரி ஊரில் ஹைலேண்ட் கேம்ஸ், ஜூலை மூன்றாவது வியாழன். ஆரன் தீவின் ப்ராடிக் ஊரில் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. ஸ்கை தீவின் போர்ட்ரீயில் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை. இந்தக் கிழமைகளே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

ஹைலேண்ட் கேம்ஸ் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் பொங்கலன்று இளைஞர் மன்றம் நடத்தும் விளையாட்டுப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு தோல்பையை அமுக்கி ஊதும் பைப் இசையையும் பாவாடை மாதிரி கில்ட் கட்டிய பெரிய உடம்புக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலு விஷயம் நடக்கும். ஒரு மூலையில் மேடை போட்டுச் சிறுமிகள் வாள்மேல் கால்படாமல் ஆடுவார்கள். இன்னொரு மூலையில் ஒற்றை பைப் வாசிப்பவர் நடுவர் முன்னால் மெதுவாக நடந்துகொண்டே வாசிப்பார். சுற்றுப் பாதையில் ஓட்டப்பந்தயம். நடுவில்தான் கனமான சாமான் எல்லாம். 56 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ எடையை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே உள்ள கம்பியைத் தாண்டி வீசுவார்கள்.

கேபர் வீசுவதை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மரத்தின் அடித்துண்டு மாதிரி நீளக் கம்பத்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, ஓடிப்போய்த் தூக்கி எறிவார்கள். எவ்வளவு தூரம் போனது என்று யாரும் அளப்பதில்லை. மேல்நுனி தரையில் குத்தி, கம்பம் முழுசாகக் கவிழ்ந்து, எறிந்தவருக்கு நேர் எதிராக விழ வேண்டும். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள் போல. சாய்ந்து விழுந்தால் மதிப்பெண் குறையும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பத்து வயசுப் பிள்ளைகூட நடுவர் ஆகிவிடும். நானே பக்கத்தில் நின்ற முதியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, தீவுகளுக்கு வருவோம்.

ஸ்கையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் கோடை விழாவுக்காகப் போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அழகில் குறை ஒன்றும் இல்லை. கூலின் மலைத்தொடரின் உச்சி 992 மீட்டர். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறையடியில் நின்றால் வாய் தானாகத் திறக்கும். போர்ட்ரீயின் கேம்ஸ் 1877 முதல் நடக்கிறது. துறைமுகத்துக்கு மேலே லம்ப் என்ற குன்றின் நடுவில் இயற்கையாகவே கிண்ணம் மாதிரி அமைந்த மைதானம். மூன்று தீவுகளிலும் பார்ப்பதற்கு நல்ல மைதானம் எது என்றால் இதுதான், அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், 1995ல் பாலம் திறந்ததிலிருந்து ஸ்கைக்கு யாரும் காரில் நேராகப் போய்விடலாம். உலகமே போகிறது. ஆகஸ்டில் ஃபேரி பூல்ஸ் என்ற மலைநீர்க் குளங்களின் வண்டி நிறுத்துமிடத்தில் ஊர்க்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து போர்ட்ரீக்கு நிறுத்தாமல் ஓட்டினாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகளோடு என்றால் ஏழு. கேம்ஸ் புதன்கிழமை என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் வாரத்தின் நடுவில் லீவு போட வேண்டும். மலையேறுகிறவர்கள், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ஆர்வம் உள்ளவர்கள் தாராளமாகப் போங்கள். ஸ்லீட் பகுதியில் உள்ள சாவல் மோர் ஓஸ்டெய்க் என்ற கேலிக் கல்லூரி கோடையில் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது. மற்றவர்கள் ஸ்கையை மே மாதத்துக்கு ஒத்திவைத்தால் நிம்மதி.

ஆரன் அப்படியே எதிர்ப்பக்கம். கார் இல்லாதவர்கள், சின்னக் குழந்தை உள்ளவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டிய தீவு இதுதான். கிளாஸ்கோக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. ஜூலை பிற்பகுதியில் வரும் கிளாஸ்கோ ஃபேர் விடுமுறையில் ஆலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு நீராவிக் கப்பல் ஏறி கிளைட் ஆற்றின் போக்கில் கீழே வந்து இந்தக் கரைகளில்தான் இறங்குவார்கள். அதற்கு ‘டூன் தி வாட்டர்’ என்று தனிப் பெயரே உண்டு.

கப்பல் விஷயத்தில் மட்டும் கவனம். ஆர்ட்ரோசனிலிருந்து ப்ராடிக்குக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ட்ரூனிலிருந்து என்றால் இன்னும் இருபது இருபத்தைந்து நிமிஷம் கூடும். இந்தப் பாதைக்கென்று கட்டிய கிளென் சானக்ஸ் கப்பல் பல வருஷம் தாமதமாகி 2025 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது, அதுவும் ட்ரூனிலிருந்து. ஆக, ரயில் ஏறும் முன் உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். இரண்டு ஊருக்கும் கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து ரயில் உண்டு, ஆனால் தப்பான ஊரில் இறங்கினால் அந்தக் கப்பல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராடிக் கேம்ஸ் சனிக்கிழமை என்பது பெரிய வசதி. காலைக் கப்பலில் போய், மைதானத்தில் நாளைக் கழித்து, மாலைக் கப்பலில் திரும்பிவிடலாம். ஒருநாள் லீவு கூடப் போட வேண்டாம். கப்பல்துறைக்கு வெளியிலேயே பஸ் நிற்கும். வடக்குச் சுற்று ஒன்று, தெற்குச் சுற்று ஒன்று. ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயசுக்கு உட்பட்ட எல்லோருக்கும் 2022 ஜனவரி முதல் பஸ் இலவசம் என்பதை இங்கே மறக்க வேண்டாம். அந்த அட்டையைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் தீவு முழுக்கச் சுற்றினாலும் செலவு பெரியவர்களுக்கு மட்டும்தான்.

வெளியில் என்ன செய்வது? கோட்ஃபெல் மலை 874 மீட்டர். கடல்மட்டத்திலிருந்தே ஏற வேண்டும் என்பதால் எண் சொல்வதைவிடக் கடினம். போய்வர ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி முழுக்கப் பாறை. எட்டு வயசுக்குக் கீழே உள்ளவர்களை இழுத்துக்கொண்டு போய்ப் பாதியில் திரும்பியவர்களை எனக்குத் தெரியும் (அதில் ஒருவன் நான்). குழந்தைகளுக்கு மேக்ரி மூர் போதும். ஏறத்தாழ சமதளமான பாதை, ஆடு மேயும் வயல், கடைசியில் ஆளைவிட உயரமான சிவப்பு மணற்கற்கள் நட்டுவைத்தது போல நிற்கும். நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கின்றன. சுற்றி வேலி இல்லை, டிக்கெட் இல்லை. வைட்டிங் பே பக்கம் க்ளெனாஷ்டேல் அருவியும் அப்படித்தான், காட்டுக்குள் நடந்து போய் மேலே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

ஆரனில் எனக்குப் பிடித்த இடம் லாம்லாஷ் விரிகுடா. மேலே இருந்து பார்த்தால் சாதாரணத் தண்ணீர். 2008ல் ஸ்காட்லாந்திலேயே முதல்முறையாக இங்கே ஒரு துண்டுக் கடலில் எந்த வகை மீன்பிடிப்பும் கூடாது என்று தடை வந்தது. அரசாங்கம் தானாகக் கொண்டுவந்த தடை இல்லை அது. அடியைச் சுரண்டி மீன் பிடித்ததில் கடல் வெறுமையாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் கோஸ்ட் என்ற அமைப்பை வைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி வாங்கியது. கரையில் அவர்களுடைய சின்ன மையம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை ஒரு மணி நேரம் விட்டால், அப்புறம் கரையோரப் பாறைக்குழிகளில் நண்டு தேடும்போது வேறு கண்ணோடு தேடுவார்கள். எதிரே தெரியும் ஹோலி ஐல் தீவை 1992ல் திபெத்திய பௌத்தர்கள் வாங்கினார்கள். கோடையில் படகு போகிறது, காட்டுக் குதிரைகளும் ஆடுகளும் சுதந்திரமாகத் திரியும்.

ஆரனுக்கு எதிராக ஒரே ஒரு குறை சொல்லலாம். வீட்டுக்கு மிகவும் பக்கம். கேம்ஸ் அன்று மைதானத்தில் பாதிக் கூட்டம் கப்பலில் வந்து இறங்கியதாகவே இருக்கும், நம்மையும் சேர்த்து. மாலைக் கப்பல் போன பிறகுதான் ஊர் ஊராகத் தெரியும். முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள்.

இனி மல். எனக்கு இந்தத் தீவில் பாரபட்சம் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓபன் துறைமுகத்திலிருந்து கிரெய்க்னியூருக்கு ஐம்பது நிமிஷத்துக்குள் கப்பல் சேர்த்துவிடும். ஆனால் கிளாஸ்கோவிலிருந்து ஓபனுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். கிரெய்க்னியூரிலிருந்து டோபர்மரிக்கு பஸ்ஸில் இன்னொரு முக்கால் மணி நேரம். எனவே ஒருநாளில் போய்வருவது நடக்காது. குறைந்தது மூன்று ராத்திரி. கேம்ஸ் வியாழன் என்பதால் புதன் போய் ஞாயிறு திரும்புவது சரியாக வரும், இரண்டரை நாள் லீவு. ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஜூன் கடைசியிலேயே மூடிவிடும். இங்கிலாந்துப் பள்ளிகள் ஜூலை மூன்றாவது நாலாவது வாரத்தில்தான் மூடும். அந்த இடைவெளியின் கடைசியில் டோபர்மரி கேம்ஸ் விழுகிறது. நம் பிள்ளைகளுக்கு லீவு, தெற்குக் கூட்டம் இன்னும் முழுசாக வந்து இறங்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

அந்தத் தேதியில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அது பஃபின். மல்லுக்கு மேற்கே ட்ரெஷ்னிஷ் தீவுகளில் ஒன்றின் பெயர் லங்கா. நம் காதுக்கு வேறு எங்கோ கூட்டிப்போகும் பெயர்தான். ஆள் யாரும் வாழாத அந்தத் தீவில் ஏப்ரலிலிருந்து ஜூலை கடைசி வரை பஃபின் பறவைகள் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கும். மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் பெரிய கடற்காகங்கள் அண்டாது என்பதால், படகில் இறங்குகிறவர்களைக் கண்டு பயந்து ஓடாமல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்காரும். ஆகஸ்ட் பிறந்ததும் மொத்தமாகக் கடலுக்குப் போய்விடும். நாங்கள் ஒருமுறை ஆகஸ்ட் நடுவில் போய்ப் புல்லை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். படகுக்காரர் டிக்கெட் எடுக்கும்போதே சொன்னார், “பறவை போயாச்சு” என்று. ஒன்றிரண்டாவது மிச்சம் இருக்கும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் கேம்ஸ் நடக்கும் ஆரனையும் ஸ்கையையும் எடுத்தால் இந்தப் பறவையை அநேகமாக விட்டுவிட வேண்டியதுதான்.

அதே படகுகள் பெரும்பாலும் ஸ்டாஃபா தீவையும் சேர்த்துக்கொள்ளும். ஆறுபட்டைக் கருங்கல் தூண்கள் பென்சில் கட்டு மாதிரி நெருக்கி நிற்க, நடுவில் ஃபிங்கல் குகை. இசையமைப்பாளர் மெண்டல்சன் 1829ல் இங்கே வந்துபோன பிறகு அதன் பெயர் இன்னும் அதிகமாகப் பரவியது. அலை அதிகமென்றால் இறங்க விடமாட்டார்கள், படகிலிருந்தே பார்க்க வேண்டும். அதனால் படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நாளே போட்டு, காற்று அடித்தால் தள்ளிவைக்க இடம் விடுங்கள்.

கேம்ஸ் அன்று காலை டோபர்மரியில் கரையோர வீடுகள் முன்னால் நிற்பது நல்லது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரிசையாகச் சாயமடித்த அந்த வீடுகளைத் தாண்டி பைப் வாத்தியக் குழு ஊர்வலமாகக் கிளம்பி மேட்டில் உள்ள மைதானத்துக்கு ஏறும். ஊர்வலத்தின் பின்னால் ஊரே நடக்கும். மேலே போனால் மைதானத்துக்குக் கீழே மல் ஜலசந்தி, அதில் போகும் கப்பல். தீவில் மொத்தமே மூவாயிரம் பேர் அளவில்தான். அதனால் நேற்று உங்களுக்கு ரொட்டி விற்றவர் இன்று கயிறு இழுக்கும் அணியில் இருப்பார், பஸ் ஓட்டியவர் நடுவராக இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. சிறுவர் ஓட்டப்பந்தயம் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் உங்கள் பிள்ளையையும் இறக்கிவிடுங்கள். எந்த ஊர் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஊர்ப் பெண்கள் வீட்டில் செய்த கேக்கும் ஸ்கோனும் தேநீரும் எந்த மைதானத்திலும் உண்டு. மாக்ரோனி பை கிடைத்தால் அதிர்ஷ்டம். எதற்கும் புளிச்சோறு கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஊர் ஹாலில் கேலிதான். நம்மைக் கேலி செய்வதல்ல, ceilidh என்று எழுதும் அவர்களுடைய கூட்டு நடனம் நம் காதில் அப்படி விழுகிறது. காலடி தெரியாவிட்டால் என்ன, ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ ஆட்டத்தில் யாராவது ஒருவர் கையைப் பிடித்து அடுத்தவரிடம் சுழற்றி விட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மற்ற நாட்களுக்கு ஐயோனா இருக்கிறது. மல்லின் ஃபின்னஃபோர்ட் ஊரிலிருந்து பத்து நிமிஷப் படகு; 563ல் கொலம்பா துறவி அயர்லாந்திலிருந்து வந்து மடம் அமைத்த தீவு. மடத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அடுத்த படகுக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் வடகோடி மணல்வெளிக்கு நடங்கள், தண்ணீரின் நிறம் அங்கேதான். மல்லிலேயே பென் மோர் 966 மீட்டர். வெள்ளைவால் கழுகு பார்க்க மலையேறவும் வேண்டாம், ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினால் போதும். ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே அழிந்துபோய், 1975ல் ரம் தீவில் மறுபடி கொண்டுவந்து விடப்பட்டு, 1985ல் மல்லில்தான் முதல் குஞ்சு பறந்தது. இறக்கையை விரித்தால் எட்டடி.

மல்லின் குறைகளையும் சொல்ல வேண்டும் அல்லவா? சாலை பெரும்பாலும் ஒற்றைத்தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நிற்க வேண்டும்; ஒதுங்குமிடம் வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகாமல் நேரெதிரே நம் பக்கத்திலேயே நின்று அவரை உள்ளே போகவிட வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊர்க்காரர் வந்தால் வழிவிடுங்கள், அவருக்கு வேலை இருக்கும். பின் இருக்கையில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் இந்தத் தீவு சிரமம்தான்.

மிட்ஜ் தொல்லை மூன்று தீவுக்கும் பொது. கடுகைவிடச் சின்னப் பூச்சி, காற்றில்லாத ஈரமான சாயங்காலத்தில் மேகம் மாதிரி வரும். கொஞ்சம் காற்று வீசினாலே பறக்க முடியாது. அதனால் கூடாரம் போடுகிறவர்கள் மரத்தடி நிழலைத் தேடும் நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட்டு, காற்றடிக்கும் மேட்டைப் பாருங்கள். 2003 சட்டப்படி ஸ்காட்லாந்தில் திறந்தவெளியில் கூடாரம் போட உரிமை இருக்கிறது. காருக்குள் தூங்குவதற்கு அந்த உரிமை பொருந்தாது, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். புல்லில் நடந்து வந்தபின் கால் இடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ராத்திரி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யாருக்கு எது என்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உடன் இருந்தால், அல்லது ஒரே ஒரு சனிக்கிழமைதான் கிடைக்குமென்றால், ஆரன், யோசிக்கவே வேண்டாம். ஏழு வயசுக்கு மேல் பிள்ளைகள், நாலு நாள் அவகாசம், வாந்தி வராத வயிறு என்றால் மல். மலைப்பைத்தியம் பிடித்த நாலு நண்பர்கள் மட்டும் போவதென்றால் ஸ்கை, ஆனால் கேம்ஸ் வாரத்தில் அல்ல. போன வருஷம் ஆரன் போனவர்கள் இந்த வருஷமும் ஆரனே போனால் நான் குறை சொல்லமாட்டேன்.

ஜூலைக் கப்பல்களில் காருக்கான இடம் வசந்த காலத்திலேயே தீர்ந்துவிடும், எனவே அறையைவிட முதலில் கப்பலைப் பதிவு செய்யுங்கள். கார் இடம் கிடைக்கவில்லை என்று மல்லையே கைவிட வேண்டாம். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் ஓபன் போய் நடந்தே கப்பல் ஏறலாம். கிரெய்க்னியூரில் இறங்கும்போது டோபர்மரிக்கு ஒன்று, ஃபின்னஃபோர்ட்டுக்கு ஒன்று என்று பஸ்கள் கப்பலுக்காகக் காத்து நிற்கும். ஏறுவதற்கு முன் எந்த ஊர்ப் பலகை என்று பாருங்கள். ஒன்று வடக்கே போகும், மற்றது நேர் எதிர்த்திசை.